கீழ் அம்பு

காலை எட்டரை மணி, பதினான்கு பேர், நடு நாற்காலியில் ஜி.எம்., அதாவது பொது மேலாளர் ஆளவந்தார். எங்கள் சர்க்கரை ஆலையில் காலைக் கூட்டம் என்றால் அதுதான் சார். அரவை தொடங்கிவிட்டால் ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது, அந்தக் கூட்டம் மட்டும் உண்டு. உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். உங்கள் மருத்துவமனையிலும் தினம் காலையில் டாக்டர்கள் எல்லாரும் கூடி வார்டு நிலவரம் பேசுவதாகப் போனில் சொன்னீர்களே, அதனால்தான் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கருவியை அப்புறம் காட்டுகிறேன். அது எங்கே பிறந்தது என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவு. குணாளன், கணினிப் பொறுப்பாளர் என்று கதவில் பலகை இருக்கும். பொறுப்பு என்ன என்றால், பிரிண்டரில் சிக்கின காகிதத்தை எடுப்பது. கூட்டத்தன்று டிவியில் வயர் செருகுவது. அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதெல்லாம் ஆளாளுக்கு ஒரு பென்டிரைவ். கரும்புத் துறைக்காரர் ஸ்லைடில் எழுத்துகள் பம்பரம் மாதிரி சுழன்று வந்து உட்காரும். பாய்லர் சிவலிங்கம் பக்கத்துக்குப் பக்கம் ஒரு ரோஜாப்பூ வைப்பார். ஒருநாள் ஜி.எம். அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, "என்ன சிவலிங்கம், பாய்லர்ல பூ பூத்திருக்கா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். "குணா, இதுக்கு ஒரு வழி பண்ணுய்யா. தினம் பத்தரை ஆயிடுது. நான் ஆலைய ஓட்டறதா, சினிமா பாக்கறதா?"

வழி பண்ணினேன். வீட்டில் உட்கார்ந்து, யாரும் சம்பளம் தராத நேரத்தில் எழுதினேன். மார்க்டவுன் என்று ஒன்று இருக்கிறது. பயப்படாதீர்கள், பெயர்தான் அப்படி. நோட்பேடில் தட்டுகிற வெறும் எழுத்துதான். வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் போட்டால் தலைப்பு. சின்னக் கோடு போட்டால் ஒரு விவரம். தனி வரியில் மூன்று கோடு போட்டால் அடுத்த ஸ்லைடு. ஒவ்வொரு துறையும் இப்படி எழுதிப் பொது ஃபோல்டரில் எட்டு மணிக்குள் போட்டுவிட வேண்டும். எட்டே காலுக்கு என் கருவி எல்லாக் கோப்புகளையும் எடுத்து ஒரே இணையப் பக்கமாகக் கட்டிவிடும். ஹாலில் டிவி, ஜி.எம். கையில் போன், சென்னையில் தலைமை அலுவலகம், யார் எங்கே திறந்தாலும் அதே ஸ்லைடு, அதே எழுத்து, அதே நிறம். பூ கிடையாது. பம்பரம் கிடையாது.

ஜி.எம்.முக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போட மாட்டார், அது அவர் சுபாவம். அதனால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஒரு ஸ்லைடில் ஐந்து வரிதான் பிடிக்கும். ஆறாவது வரியை என்ன செய்வது? வேறு எவனாவது எழுதியிருந்தால் வெட்டி எறிந்திருப்பான். நான் வெட்டவில்லை சார். கீழே வைத்தேன். வலது அம்பை அழுத்தினால் அடுத்த துறை. கீழ் அம்பை அழுத்தினால் அதே துறையின் மிச்ச வரிகள். ஒன்றும் தொலையாது. எல்லாம் கீழே இருக்கும்.

கீழே ஏதோ இருக்கிறது என்று காட்ட, மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி மினுங்கும்படி வைத்திருந்தேன். இரண்டாம் நாளே ஜி.எம். கேட்டார், "அது என்னய்யா மூலைல நின்னுக்கிட்டுக் கண்ணடிக்குது?" மினுங்கலை எடுத்துவிட்டேன். பிறகு, அது அங்கே நிற்பதே உறுத்துகிறது என்றார். வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பலாக மாற்றினேன். பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு மூலையில் கடிகாரம் வைத்தேன். கூட்டம் எத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது என்று காட்டும். அதை யாரும் கேட்கவில்லை, என் யோசனைதான். பத்தரை வரை ஓடிய கூட்டம் ஒன்பதுக்கு முடிந்தது. பிறகு ஒன்பதுக்கு முன்பே முடிந்தது. குடியரசு தினத்தன்று கொடியேற்றிய கையோடு ஜி.எம். எனக்கு சால்வை போட்டார். "இனிமே ஸ்லைடுல இருந்தா உண்டு, ஸ்லைடுல இல்லன்னா இல்ல. எவனும் என் ரூமுக்கு வந்து காதைக் கடிக்க வேணாம்" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஒருவர் தட்டவில்லை. அமலோற்பவம். தலைமை கெமிஸ்ட். ஆய்வகம் முழுக்க அவர் பொறுப்பு. அமலா மேடம் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திறமைசாலி. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விட மாட்டார்.

ஆய்வகத்தின் ஸ்லைடில் முதல் வரி ரெக்கவரி. கரும்பிலிருந்து எத்தனை சதவீதம் சர்க்கரை எடுத்தோம் என்கிற கணக்கு. ஆலைக்கு அதுதான் உயிர். பிறகு சாறு, சர்க்கரையின் நிறம், ஈரம், நஷ்டம். ஐந்து ஆயிற்றா? ஆறாவது வரி, மொலாசஸ் தொட்டியின் சூடு. மொலாசஸ் என்றால் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு. சாராய ஆலைக்குப் போகும் சரக்கு. அதை வைக்க இரண்டு பெரிய இரும்புத் தொட்டிகள் உண்டு, மூன்று மாடி உயரம். ஒன்று நிரம்பிவிட்டது. லாரி அனுமதி தாமதமானதால் வெளியே போகவில்லை. இரண்டாவதில் தினமும் சூடாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொட்டியின் மதிலை ஒட்டித்தான் யார்டு. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இறக்குவதற்கு வரிசையில் நிற்கும் இடம். டிரைவர்கள் இரண்டு நாள்கூடக் காத்திருப்பார்கள். வண்டிக்கடியில் நிழலில் துண்டை விரித்துத் தூங்குவார்கள்.

பிப்ரவரி கடைசியில் மேடம் என் அறைக்கு வந்தார்.

"குணாளன், என்னோட ஆறாவது வரி ஏன் வர மாட்டேங்குது?"

"வருதே மேடம். கீழ இருக்கு."

"கீழ யாரு பாக்கறா?"

"பாக்கறவங்க பாப்பாங்க மேடம்."

"தொட்டி நாப்பத்தி மூணு டிகிரி. நாப்பதைத் தாண்டினா பாகு தானா சூடேற ஆரம்பிக்கும். அப்புறம் நாம ஊத்தறத நிறுத்தினாக்கூட அது நிறுத்தாது. இன்னிக்கே நிறுத்தணும். அத ஜி.எம்.தான் சொல்லணும். அவர்கிட்ட நேரா போனேன், ஸ்லைடுல வரட்டும்னாரு."

"அப்ப ஸ்லைடுல போடுங்க மேடம்."

அவர் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "எனக்கு ஒரே ஒரு சிவப்பு வரி குடுங்க குணாளன்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள் சார், கொடுக்க முடியுமா? ஒருவருக்குச் சிவப்பு கொடுத்தால் நாளைக்கு சிவலிங்கம் பச்சை கேட்பார், அடுத்த நாள் ரோஜாப்பூ திரும்ப வந்துவிடும். ஒரு கருவி என்றால் அதற்கு ஒழுங்கு வேண்டும். முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் அவர் தொட்டியின் சூட்டை முதல் வரியாக எழுதி, ரெக்கவரியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். கூட்டத்தில் ஜி.எம். திகைத்துப்போனார். "ரெக்கவரி எங்கய்யா? கண்ட கண்டது முன்னால நிக்குது, ரெக்கவரியக் காணோம்?" திட்டு எனக்கு. அன்று சாயங்காலமே ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு துறைக்கும் வரிசையை நிரந்தரமாக்கினேன். அவர்கள் எப்படி மாற்றி எழுதினாலும், வரியின் தலைச்சொல்லைப் பார்த்து என் கருவி அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அழகான வேலை சார் அது. உங்களுக்கும் பயன்படும்.

பிறகு அவர் ஹாஷ் போட்டுத் தொட்டியைத் தலைப்பாக்கிப் பார்த்தார். துறைக்கு ஒரு தலைப்புதான் என்று விதி எழுதினேன். மூன்று கோடு போட்டுத் தொட்டிக்குத் தனி ஸ்லைடு வைத்தார். துறைக்கு ஒரு ஸ்லைடுதான், மிச்சம் கீழே என்று விதி எழுதினேன். அவர் ஒன்று செய்ய, நான் ஒன்று செய்ய, மார்ச் பாதி இப்படியே போனது. உண்மையைச் சொன்னால் கருவி அவரால்தான் இவ்வளவு உறுதியானது. ஓட்டை எங்கே எங்கே என்று அவர் தேடித் தேடிக் காட்ட, நான் அடைத்துக்கொண்டே வந்தேன்.

நடுவில் ஒருநாள் கேன்டீனில் வேடியப்பன் எதிரில் வந்து உட்கார்ந்தார். தொட்டிகளுக்கு அவர்தான் ஆள். ஏணியில் ஏறி, கயிற்றில் வெப்பமானியைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்து மேடத்திடம் சொல்வது அவர் வேலை. கல்வராயன் மலைப் பக்கத்து ஆள், எதற்கும் சிரிப்பார்.

"சார், நீங்கதான டிவி போடறவரு? எங்க தொட்டிய ஒரு நாளு டிவில காட்டுங்க சார். மேடம் தினம் எழுதறாங்க, ஒரு நாளும் வர மாட்டேங்குதுன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறாங்க."

"வருதுப்பா. கீழ இருக்கு."

"கீழன்னா? டிவிக்குக் கீழயா?" என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு சொன்னார். "முந்தி அந்த ஏணியப் புடிச்சிக்கிட்டே நின்னு பீடி குடிப்பேன் சார். இப்பக் கையில துண்டு சுத்திக்கிட்டுத்தான் ஏற முடியுது. உள்ள எட்டிப் பாத்தா நுரைக்குது. சோறு பொங்கற மாதிரி சத்தம் கேக்குது. தண்ணி அடிக்கச் சொல்லியிருக்காங்க, அடிக்கறேன். அடிச்ச கொஞ்ச நேரத்துல காஞ்சு போவுது."

"மேடம்கிட்ட சொல்லு."

"அவங்களுக்குத் தெரியும் சார். அவங்க யாருகிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."

அவருடைய டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். இதை விசாரணையிலும் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இருங்கள், டீ வரச் சொல்கிறேன். சர்க்கரை போடலாம் இல்லையா? சரி.

மார்ச் இருபத்தேழாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருவதாக இருந்தது. எதற்கு? என் கருவியைப் பார்க்க. மற்ற மூன்று ஆலைகளிலும் அதைப் போடலாமா என்று முடிவு செய்ய. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை சார். முந்தின நாள் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, "குணா, நாளைக்கு ஒரு பிசிறு இருக்கக் கூடாது. இருபது நிமிஷத்துல முடிக்கறோம். பாத்துக்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

காலையில் ஏழரைக்கே போய் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆய்வகத்தின் கோப்பு வந்தது. திறந்தேன். ரெக்கவரி என்று ஆரம்பித்து, இரண்டாம் தொட்டி தொண்ணூற்று நான்கு டிகிரி, பாகு ஊற்றுவதை நிறுத்துங்கள், யார்டைக் காலி செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. அடுத்த வரி சாறு என்று ஆரம்பித்து, மறுபடி அதே. நிறம், அதே. ஈரம், அதே. நஷ்டம், அதே. ஐந்து வரியிலும் தலைச்சொல் சரியாக இருக்கிறது, உள்ளே மட்டும் தொட்டி. என் விதிகளில் ஒன்றுகூட அதைத் தடுக்காது. என் கருவியை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார் அந்த அம்மாள்.

இயக்குநர் முன்னால், டிவி முழுக்க, பெரிய எழுத்தில் இது வந்தால் என்ன ஆகும்? ஜி.எம். முகம் என்ன ஆகும்? மூன்று ஆலைகளும் போச்சு. போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. தொட்டிப் பக்கம் இருந்திருக்கிறார். நேரம் ஆகிவிட்டது. முந்தின நாள் கோப்பு என்னிடம் இருந்தது. அதிலிருந்து ஐந்து வரிகளை எடுத்து மேலே போட்டேன். ரெக்கவரி ஒரே நாளில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது? மேடம் எழுதிய ஐந்தையும் கீழே வைத்தேன். கவனியுங்கள், நீக்கவில்லை. ஓர் எழுத்தைக்கூட நீக்கவில்லை. கீழே வைத்தேன்.

கூட்டம் அருமையாகப் போயிற்று. கரும்பு, அரவை, பாய்லர், எல்லாம் மளமளவென்று. இயக்குநர் மூலையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தின் ஸ்லைடு வந்தது. மேடம் எழுந்து நின்றார். புடவையில் முழங்கால் வரை ஈரம்.

"சார், இது நான் இன்னிக்கு எழுதினது இல்ல."

நான்தான் சொன்னேன். "இருக்கு மேடம். கீழ இருக்கு."

"அப்ப கீழ அமுக்குங்க."

ஜி.எம். இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"குணாளன், கீழ அமுக்குங்க. ஒரு தடவ."

கீபோர்டு என் மடியில் இருந்தது. இதோ பாருங்கள், கீழ் அம்பும் வலது அம்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஒரு விரல் அகலம்கூட இடைவெளி இல்லை. ஜி.எம். என்ன சொல்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"உக்காருங்க மேடம். லேப் முடிஞ்சுது. அடுத்தது" என்றார்.

வலது அம்பை அழுத்தினேன். அடுத்தது என்றால் வலதுதானே சார்?

மேடம் உட்காரவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யார்டில் ஒவ்வொரு டிராக்டராக ஓடி, டிரைவர்களை எழுப்பி, பின்னால் எடு, பின்னால் எடு என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இயக்குநரின் கார் நிற்கிற நாளில்! செக்யூரிட்டி வந்து அவரோடு சண்டை போடுவது தெரிந்தது. சில வண்டிகள் நகர்ந்தன. நிறையவே நகர்ந்தன என்று பிறகு சொன்னார்கள். கரும்பு ஏற்றிய வண்டியை அவ்வளவு சீக்கிரம் பின்னால் எடுக்க முடியாது. வேடியப்பன் தொட்டியின் மேல் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மேடம் கீழே இறங்கச் சொல்லிக் கத்துவது போலத் தெரிந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது.

பதினெட்டாவது நிமிடம் கூட்டம் முடிந்தது. இயக்குநர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "ரொம்ப நீட்டா இருக்கு மிஸ்டர் குணாளன்" என்றார். அவர் கை இன்னும் என் கையில் இருந்தது.

பத்திரிகையில் வெடிச்சத்தம் என்று எழுதினார்கள். வெடிச்சத்தம் இல்லை. கெட்டித் துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாம் தொட்டி அடியில் பிளந்துகொண்டது. மதில் விழுந்தது. யார்டில் இடுப்பளவு பாகு, கொதிக்கிற பாகு. தண்ணீர் என்றால் நீந்தலாம். அதில் காலை எடுத்து வைக்க முடியாது. வேடியப்பன், பிறகு இரண்டு டிராக்டர் டிரைவர்கள். ஒருவரை எடுக்கவே சாயங்காலம் ஆயிற்று. கூட்ட ஹாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிவி ஓடிக்கொண்டேதான் இருந்தது, கடைசி ஸ்லைடில் நன்றி என்று.

ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. மூன்று ஆலைகள் விஷயமும் நின்றுபோயிற்று. எனக்கு அதில் எவ்வளவு இழப்பு என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை சார். விசாரணை அன்று மேடத்தை வராந்தாவில் பார்த்தேன். வெந்துபோன இரண்டு கையிலும் கட்டு. வணக்கம் சொன்னேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். ஜி.எம். உள்ளே என்ன சொன்னார் தெரியுமா? தொட்டி சூடாக இருப்பது தனக்குத் தெரியவே தெரியாது, தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று சொன்னார். மேடம் எழுதவே இல்லை என்று ஆகியிருக்கும். அவர் வேலை போயிருக்கும், கேஸ் அவர் தலையில் விழுந்திருக்கும். ஏன் விழவில்லை? அவர் எழுதியது அத்தனையும், பிப்ரவரியிலிருந்து ஒரு நாள் விடாமல், அப்படியே இருந்தது. எங்கே இருந்தது? என் கருவியில். வேறு எவனுடைய கருவியாக இருந்தாலும் வெட்டிப் போட்டிருக்கும். அதற்கு ஒரு வார்த்தை நன்றி? கிடையாது.

போகட்டும். உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் டாக்டர்களுக்கும் நேரம் இருக்காது. வார்டுக்கு ஐந்து வரி வைத்துவிடலாம். எத்தனை படுக்கை, எத்தனை சேர்க்கை, எத்தனை டிஸ்சார்ஜ், அப்படி. நர்சுகள் ராத்திரி எழுதுகிற மற்றதெல்லாம் கீழே. ஆறு வரி வேண்டுமென்றாலும் செய்து தருகிறேன், ஆனால் ஐந்துதான் பார்வைக்கு நன்றாக இருக்கும். கடிகாரமும் உண்டு.

என்ன கேட்கிறீர்கள்? கீழ் அம்பு சரியாக வேலை செய்யுமா என்றா?

செய்யும் சார். சோதித்தாயிற்று. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் கூட்ட ஹாலில் உட்கார்ந்து, அந்த நாளின் ஆய்வக ஸ்லைடைத் திறந்து, கீழ் அம்பை அழுத்தினார். ஐந்து வரியும் வந்தது.